சாவிக்கொத்து கை மாறும் நேரம்

உங்கள் வீட்டுச் சாவிக்கொத்து யார் இடுப்பில் தொங்குகிறது? மாமியார் இடுப்பிலா, உங்கள் இடுப்பிலா? கோபித்துக் கொள்ளாதீர்கள், வம்பு வளர்ப்பதற்காகக் கேட்கவில்லை. அந்தக் கொத்து எந்த நாளில், எந்த வயதில் கை மாற வேண்டும் என்பது எவ்வளவு சங்கடமான விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உடம்பில் தெம்பு இருக்கும்போதே மருமகளிடம் கொடுக்கச் சொன்னால், "என்னை மூலையில் உட்கார வைத்துவிட்டார்களே!" என்று மாமியாருக்குக் கண் கலங்கும். தெம்பெல்லாம் போன பிறகு கொடுத்தாலோ, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று சொல்லிக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் கிரீன் பே என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் பதினைந்து வருஷங்களுக்குள் இரண்டு முறை இந்தச் சங்கடத்தில் அகப்பட்டுக்கொண்டு விழித்தார்கள். அங்கே கை மாறியது பீரோச் சாவி அல்ல, ஒரு பந்து.

"விளையாட்டுச் சமாசாரமா? அது அவருக்கு!" என்று இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரர் பக்கம் தள்ளிவிடாதீர்கள். இதில் விளையாட்டு கால் பங்குதான். மீதி முக்கால் பங்கும் குடும்ப விவகாரம்.

மூன்று விநாடி உத்தியோகம்

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்தாட்டம் அல்ல. அவர்களுடைய பந்து உருண்டையாக இருக்காது. இரண்டு முனையும் கூர்ந்து, மட்டை உரிக்காத தேங்காயைப் போல இருக்கும். அதைக் காலால் உதைப்பது அபூர்வம். கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், இல்லாவிட்டால் எறியலாம். பக்கத்துக்குப் 11 பேர் ஆடுவார்கள். அவர்களில் ஒருவருக்குத்தான் 'குவார்ட்டர்பேக்' என்று பெயர். தம் கோஷ்டி பந்தைக் கொண்டு செல்லும் முறை வரும்போதெல்லாம், பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும்.

வந்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? ஓடிக்கொண்டிருக்கும் தம் ஆட்களில் யார் தனியாக இருக்கிறார், எதிரி யாரை மறித்துக்கொண்டிருக்கிறான், இப்போது எறிந்தால் பந்து போய்ச் சேரும் நேரத்தில் அவர் எந்த இடத்தில் இருப்பார் — இத்தனையும் மனத்துக்குள் கணக்குப் போட்டு எறிய வேண்டும். கிடைக்கும் அவகாசம் சுமார் மூன்று விநாடி. அதற்குள் 130 கிலோ எடையுள்ள ஆசாமிகள் நாலைந்து பேர் அவர்மேல் விழுவதற்காகப் பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள்!

அவருடைய தலைக்கவசத்துக்குள் ஒரு குட்டி ரேடியோ உண்டு. 1994-ஆம் வருஷத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. வெளியே நிற்கும் பயிற்சியாளர் அடுத்த வியூகத்தை அதில் ஓதுவார். ஆட்டக் கடிகாரத்தில் இன்னும் 15 விநாடிதான் பாக்கி என்னும்போது அந்த ரேடியோ தானாகவே ஊமையாகிவிடும். அதற்கப்புறம் அவர் பாடு, அவர் தலைவிதி.

கல்யாண வீட்டில் பரிமாறுகிறவன் ஒருவன் வராவிட்டால் சமாளித்துவிடலாம். தலைமைச் சமையற்காரரே வராவிட்டால் சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது? குவார்ட்டர்பேக் இல்லாத கோஷ்டியின் நிலைமை அதுதான். நாடு முழுவதிலும் 32 கோஷ்டிகள் இருக்கின்றன. அந்த வேலையை உண்மையிலேயே கைதேர்ந்து செய்யக்கூடியவர்கள் ஒரே காலத்தில் 32 பேர் எந்த நாளிலும் இருந்ததில்லை என்பது என் அபிப்பிராயம். இருந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள்.

பணத்தைக் கொட்டி ஒரு நல்ல ஆளை வாங்கிவிடலாமே என்று தோன்றும். அது அவ்வளவு சுலபமல்ல. ஆட்டக்காரர் சம்பளத்துக்கு எந்தக் கோஷ்டியும் வருஷத்துக்கு இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று 1994 முதல் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. புது ஆட்களைச் சேர்ப்பதற்கோ வேறொரு முறை. ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் காலேஜ் ஆட்டக்காரர்களை வரிசைக்கிரமமாகப் பொறுக்கி எடுப்பார்கள். அதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். முந்தின வருஷம் அதிகமாகத் தோற்ற கோஷ்டிக்கு முதல் உரிமை; கோப்பையை வென்ற கோஷ்டிக்குக் கடைசி. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்குப் பாயசம் வருவதற்குள் அடிவண்டல்தானே மிச்சம்?

இதில் உள்ள வேடிக்கையைக் கவனித்தீர்களா? நல்ல குவார்ட்டர்பேக் இருக்கிற கோஷ்டி ஜெயிக்கும். ஜெயிப்பதாலேயே வரிசையில் பின்னால் நிற்கும். பின்னால் நிற்பதால் அடுத்த நல்ல குவார்ட்டர்பேக் அதற்குக் கிடைக்கமாட்டார். அதிர்ஷ்டத்தாலோ சாமர்த்தியத்தாலோ ஒருவர் கைக்கு எட்டினால், அப்போது வீட்டில் மூத்தவர் திடமாக உட்கார்ந்திருப்பார். எடுத்தால் மூத்தவருக்கு மனத்தாங்கல். விட்டால் நாளைக்கு வாரிசு இல்லை.

ஊருக்கே சொந்தம்

கிரீன் பே பெரிய நகரம் அல்ல. ஜனத்தொகை சுமார் 1 லட்சம். நியூயார்க்கும் சிகாகோவும் கோஷ்டி வைத்திருப்பதில் ஆச்சரியம் இல்லை; இந்தச் சிற்றூருக்கு எப்படி வந்தது? 1919-இல் இறைச்சி பதனிடும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த கர்லி லாம்போ என்ற இளைஞர், சட்டைகள் தைப்பதற்குத் தம் முதலாளியிடம் 500 டாலர் வாங்கி ஆரம்பித்த கோஷ்டி இது. அதனால்தான் 'பேக்கர்ஸ்' என்று பெயர். பிறகு பணமுடை வந்தபோது, 1923-இல் ஊர் ஜனங்களே பங்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். இன்றைக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள். அந்தப் பங்குக்கு வட்டியும் கிடையாது, லாபமும் கிடையாது, விற்கவும் முடியாது. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்ளலாம்!

மைதானத்தில் வருஷாந்தர இருக்கைக்குக் காத்திருப்போர் பட்டியலில் 1 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள். குழந்தை பிறந்தவுடன் அதன் பெயரைப் பதிவு செய்துவிடும் பெற்றோர் உண்டு. கோடைப் பயிற்சி தொடங்கினால், ஊர்ப் பிள்ளைகள் தங்கள் சைக்கிள்களோடு வாசலில் காத்து நிற்பார்கள். மலைபோன்ற ஆட்டக்காரர்கள் அந்தக் குட்டி சைக்கிளில் முழங்கால் மார்பில் இடிக்க மிதித்துக்கொண்டு பயிற்சி மைதானத்துக்குப் போவார்கள். சைக்கிளுக்குச் சொந்தக்காரப் பொடியன் தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடுவான். அப்படிப்பட்ட ஊரில் குவார்ட்டர்பேக் என்பவர் வெறும் சம்பளக்காரர் அல்ல, வீட்டுப் பிள்ளை.

1960-களில் இவர்களுக்கு ஒரு பொற்காலம் வாய்த்தது. பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி, குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார். டிராஃப்டில் 200-ஆவது ஆளாக, ஏதோ போனால் போகிறது என்று எடுக்கப்பட்டவர் ஸ்டார். அவரைக் கொண்டு ஏழு வருஷங்களில் ஐந்து முறை தேசிய வெற்றி! ஆனால் அவருடைய கை ஓய்ந்தபோது, அடுத்தவர் யார் என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. 1971-க்குப் பிறகு அவர் ஆடவில்லை. 1972 முதல் 1991 வரை இருபது வருஷங்களில் இரண்டே முறைதான் இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைய முடிந்தது.

வாரிசு இல்லாத வீட்டில் பதற்றம் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1974-ஆம் வருஷம் ஓர் உதாரணம். அப்போதைய பயிற்சியாளர் டான் டிவைன், லாஸ் ஏஞ்சலஸ் கோஷ்டியிடமிருந்து ஜான் ஹாடில் என்பவரை வாங்கினார். ஹாடிலுக்கு வயது 34. விலை என்ன தெரியுமா? வரப்போகும் இரண்டு வருஷங்களின் டிராஃப்டில் ஐந்து உரிமைகள்; அவற்றில் இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று! விளைகிற நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிழட்டு மாட்டை ஓட்டி வந்த கதைதான். ஹாடில் இவர்களுக்காக ஆடியது 22 ஆட்டம். கொடுத்த உரிமைகளின் நஷ்டமோ வருஷக் கணக்கில் தொடர்ந்தது.

மூத்தவர்

1991-இன் கடைசியில் ரான் உல்ஃப் என்பவர் நிர்வாகியாக வந்தார். இவரை நான் மிகவும் மதிக்கிறேன். வந்து சில மாதங்களிலேயே அட்லாண்டா கோஷ்டியில் ஓரமாக உட்கார வைக்கப்பட்டிருந்த ஒரு பையனுக்காக, முதல் சுற்று உரிமை ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். அந்தப் பையன் அட்லாண்டாவில் ஒரு வருஷம் முழுவதும் எறிந்தது நான்கே பந்து. ஒன்றுகூடத் தன் ஆளைச் சேரவில்லை. இரண்டு, எதிரி கையில் போய் விழுந்தன! போதாக்குறைக்கு, உடம்பைப் பரிசோதித்த டாக்டர்கள் இடுப்பு எலும்பில் கோளாறு என்றார்கள். உல்ஃப் அதையும் கேட்டுக்கொண்டு, "இருக்கட்டும்" என்றுவிட்டார்.

பெயர் பிரெட் ஃபார்வ். 1992 செப்டம்பர் 20-ஆம் தேதி, இருந்த குவார்ட்டர்பேக்குக்கு அடிபட்டதால் இவர் களத்தில் இறங்கினார். தோற்கவிருந்த ஆட்டத்தைக் கடைசி 13 விநாடி இருக்கும்போது ஒரே எறியில் வென்று கொடுத்தார். அடுத்த வாரம் முதல் அவர்தான். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட விடுப்பு எடுக்கவில்லை. தொடர்ந்து 297 ஆட்டங்கள் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார், கடைசி மூன்று வருஷங்கள் வேறு இடங்களில் என்றாலும். 1997 ஜனவரியில் கிரீன் பேக்கு மறுபடியும் கோப்பை வந்தது.

2003 டிசம்பரில் அவருடைய தந்தை திடீரென்று இறந்துபோனார். பள்ளியில் அவருக்குப் பந்தாட்டம் கற்றுக்கொடுத்தவரே அந்தத் தந்தைதான். மறுநாள் இரவு ஓக்லண்டில் ஆட்டம். ஆடுவாரா, ஊருக்குப் போவாரா என்று எல்லாரும் தவித்திருக்க, ஃபார்வ் ஆடினார். 399 கஜம் எறிந்து, நான்கு முறை எல்லைக் கோட்டைக் கடக்க வைத்தார். எதிரி ஊர் ஜனங்களே எழுந்து நின்று கை தட்டினார்கள். கிரீன் பே வீடுகளில் அன்றிரவு அழாதவர்கள் உண்டா என்பது சந்தேகம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்டவருக்குத்தான் வாரிசு தேட வேண்டியிருந்தது!

உல்ஃபிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. அடுக்களையில் அரிசி இருக்கும்போதே அடுத்த மாதத்து அரிசிக்குச் சொல்லி வைக்கும் குடித்தனக்காரியைப் போல, ஃபார்வ் கல்லுப்போல இருக்கும்போதே பல வருஷங்களில் ஓர் இளம் குவார்ட்டர்பேக்கையும் எடுத்து வைப்பார். மார்க் புரூனெல், மாட் ஹாசல்பெக், ஏரன் புரூக்ஸ் எல்லாரும் அப்படி வந்து, ஃபார்வ் நிழலில் பழகி, பிறகு வேறு ஊர்களுக்குப் போய்ப் பெயர் வாங்கியவர்கள். ஒருவரை மாத்திரம் தவறவிட்டார்கள். 1994 கோடைப் பயிற்சிக்கு வந்த கர்ட் வார்னரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் ஊருக்குப் போய் மளிகைக் கடை அலமாரியில் சாமான் அடுக்கினார். 2000-ஆம் வருஷம் ஜனவரியில் அந்த வார்னரே செயின்ட் லூயி கோஷ்டிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

நாலரை மணி நேரக் காத்திருப்பு

2005-ஆம் வருஷம் உல்ஃபிடம் வேலை பழகிய டெட் தாம்சன் நிர்வாகியானார். ஏப்ரல் 23, அவருடைய முதல் டிராஃப்ட். நியூயார்க்கில் அன்று முதல் ஆளாகவே எடுக்கப்படலாம் என்று பேசப்பட்ட கலிபோர்னியாப் பையன் ஏரன் ராஜர்ஸ், புதுக் கோட்டும் டையுமாகக் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். வயது 21. முதல் ஆளாக அலெக்ஸ் ஸ்மித் என்ற இன்னொரு பையனை எடுத்துக்கொண்டார்கள். சரி, இரண்டாவது? இல்லை. மூன்றாவது? இல்லை. ஒவ்வொருவராக அழைக்கப்பட்டு எழுந்து போக, டெலிவிஷன் காமிராக்கள் இவர் முகத்தையே திரும்பத் திரும்பக் காட்டின. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்க்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? சுமார் நாலரை மணி நேரம்! அறையில் கடைசி ஆளாக அவர் மிஞ்சினார்.

24-ஆவது முறை கிரீன் பேயுடையது. அவர்களுக்கோ குவார்ட்டர்பேக் தேவையே இல்லை. ஃபார்வுக்கு வயது 35, இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். உடனடியாகப் பயன்படும் வேறு ஆளை எடுத்திருக்கலாம். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். தாம்சன் ராஜர்ஸின் பெயரைச் சொன்னார்.

மூன்று வருஷம் ராஜர்ஸ் ஓரமாக உட்கார்ந்தார். அதை வீண் காலம் என்று நினைக்காதீர்கள். மைக் மக்கார்த்தி என்ற புதுப் பயிற்சியாளர் குவார்ட்டர்பேக்குகளுக்காகத் தனியாக வசந்தகால வகுப்பு நடத்துவார். காலேஜில் ராஜர்ஸ் பந்தைக் காதோரமாக உயர்த்திப் பிடித்து எறிவார். அந்தப் பழக்கத்தையே மெல்ல மெல்ல மாற்றி, கை தாழ்ந்து, எறி வேகமாகும்படி செய்தார்கள். ஆட்டம் ஆடிக்கொண்டே இருக்கிறவனுக்கு இப்படி அடிப்படையைக் கலைத்துப் போட்டுத் திரும்பக் கட்ட நேரம் ஏது? ஃபார்வ் இளையவருக்குக் கற்றுக்கொடுப்பதைத் தம் கடமையாக நினைக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம் இடத்துக்கு வந்திருப்பவனுக்குத் தாமே பாடம் நடத்துவதென்பது எல்லாராலும் ஆகிற காரியமா?

அந்த வருஷங்களில் ஒவ்வொரு பருவம் முடிந்ததும், ஃபார்வ் ஓய்வு பெறுவாரா மாட்டாரா என்பது நம் தொடர்கதைகளைப்போல ஒரு 'தொடரும்' ஆகிவிட்டது. 2008 மார்ச்சில் நிருபர்கள் முன்னால் தேம்பி அழுது விடைபெற்றார். கோஷ்டி ராஜர்ஸைத் தலைவாசலில் நிறுத்தி மாலை போட்டது. கோடை வந்தது, ஃபார்வ் மனம் மாறினார். திரும்பி வருகிறேன் என்றார்!

இப்போது நீங்கள் தாம்சன் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? முந்தின பருவத்தில்தான் ஃபார்வ் 13 ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்திருக்கிறார். ஊர் முழுவதும் அவர் பக்கம். பயிற்சி மைதானத்தில் ராஜர்ஸ் காதுபடவே கூச்சல் போட்டு ஏளனம் செய்தார்கள், ஒரு குற்றமும் செய்யாத பிள்ளையை. ஆனால் மறுபடியும் அவரை ஓரமாக உட்கார வைத்தால், மூன்று வருஷம் வளர்த்த பயிரை அறுவடைக்கு முதல் நாள் மிதித்ததாகும். தாம்சன் பிடிவாதமாக நின்றார். ஆகஸ்டில் ஃபார்வை நியூயார்க் ஜெட்ஸ் கோஷ்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த வருஷம் கிரீன் பே 6 ஆட்டம் வென்று 10 ஆட்டம் தோற்றது. தாம்சனை ஊர் எப்படியெல்லாம் திட்டியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2009-இல் ஃபார்வ் பரம எதிரியான மின்னசோட்டாவின் ஊதாச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, பழைய கோஷ்டியை இரண்டு முறை தோற்கடித்தார். எரிகிற வீட்டில் எண்ணெய்! 2011 பிப்ரவரியில்தான் கூச்சல் அடங்கியது. பிட்ஸ்பர்க்கை 31-25 என்று வென்று ராஜர்ஸ் கோப்பையோடு வந்தார். அப்புறம் என்ன, அவரும் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டார். ஃபார்வோடும் ஊர் சமாதானம் ஆயிற்று. 2015 ஜூலையில் அவருடைய 4-ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்துக் கௌரவித்தபோது மைதானம் நிரம்பி வழிந்தது.

அதே தேதி, அதே கதை

2020 ஏப்ரல் 23. ராஜர்ஸை எடுத்து நாள் பிசகாமல் பதினைந்து வருஷம். இப்போது நிர்வாகி, தாம்சனிடம் வேலை பார்த்த பிரையன் குட்டகுன்ஸ்ட். ராஜர்ஸுக்கு வயது 36. குட்டகுன்ஸ்ட் ஒரு நான்காம் சுற்று உரிமையைக் கொடுத்து வரிசையில் நான்கு படி முன்னேறி, ஜோர்டன் லவ் என்ற இளம் குவார்ட்டர்பேக்கை எடுத்தார். பதினான்கு வயதில் தந்தையை இழந்து, பந்தாட்டத்தையே விட்டுவிடலாமா என்று தவித்து, பிறகு தேறி வந்த பையன் லவ்.

பெரியவரிடம் யாரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்த ராஜர்ஸ், செய்தி தெரிந்ததும் எழுந்து போய் ஒரு கோப்பை மதுவை ஊற்றிக்கொண்டதாகப் பிற்பாடு சொன்னார். என்னைக் கேட்டால், லவை எடுத்தது தப்பே அல்ல. சொல்லாமல் எடுத்ததுதான் தப்பு. "மருமகள் வரப்போகிறாள்" என்று மாமியாருக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தெரிய வேண்டுமா?

கோபமோ ரோஷமோ, ராஜர்ஸ் அடுத்தடுத்து 2020, 2021 இரண்டு வருஷமும் நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை வாங்கினார்! திட்டம் போட்டவர்கள் முகம் என்ன ஆகும்? 2021 ஜனவரியில், இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி முன்னால், டாம்பா பே கோஷ்டியிடம் 31-26 என்று தோற்றார்கள். 2020 டிராஃப்டில் குவார்ட்டர்பேக்குக்குப் பதிலாகப் பந்தை ஓடிப் பிடிக்கும் நல்ல ஆள் ஒருவரை எடுத்திருந்தால் அந்த ஐந்து புள்ளி கிடைத்திருக்குமே என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. நாளைக்காகச் சேமித்த காசு இன்றைய பிள்ளையின் பால் காசாகவும் இருக்கலாம். ராஜர்ஸ் இருந்த வரையில் இரண்டாவது கோப்பை கிரீன் பேக்கு வரவே இல்லை.

இடையில் லவுக்கும் சுகமான வாழ்வு அல்ல. 2021 நவம்பரில் ஒரே ஒரு முறை, ராஜர்ஸுக்குக் கோவிட் வந்தபோது, கன்ஸாஸ் சிட்டிக்கு எதிராகத் தொடக்கத்திலிருந்து ஆடினார். 13-7 என்று தோல்வி. "இவனுக்காகவா அவரைக் கோபித்துக்கொள்ள வைத்தீர்கள்?" என்ற முணுமுணுப்பு. மூன்று வருஷம் அதைக் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தார் அந்தப் பையன். 2023 ஏப்ரலில் ராஜர்ஸும் விடைபெற்றார். எங்கே போனார் தெரியுமா? அதே நியூயார்க் ஜெட்ஸுக்கு! அங்கே முதல் ஆட்டத்தில் நான்காவது வியூகத்திலேயே குதிகால் நரம்பு அறுந்து அந்தப் பருவமே அவருக்கு முடிந்துபோனது.

லவின் முதல் பருவமும் தடுமாற்றத்தோடுதான் ஆரம்பித்தது. ஒன்பது ஆட்டங்களில் ஆறு தோல்வி. பிறகு மழை வெறித்ததுபோல ஓர் ஆட்டம்! மொத்தத்தில் 32 முறை பந்தை எல்லைக்கு அப்பால் கொண்டு சேர்த்துவிட்டார். 2024 ஜனவரியில் டல்லஸ் நகரத்துக்கே போய் அவர்களை 48-32 என்று வீழ்த்தினார்கள். டல்லஸின் பயிற்சியாளராக மறுபக்கம் நின்றவர் யார் என்றால், ராஜர்ஸின் கையைத் திருத்திய அதே மக்கார்த்தி! அந்த ஜூலையில் லவுக்கு நான்கு வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். 22 கோடி டாலர். ஓரமாக உட்கார்ந்திருந்தவருக்குத்தான்.

1992 முதல் 2022 வரை முப்பத்தொரு பருவங்களில் கிரீன் பேயின் சாவிக்கொத்து இருந்தது இரண்டே பேர் இடுப்பில். அதே காலத்தில் பக்கத்துச் சிகாகோவில் எத்தனை குவார்ட்டர்பேக்குகள் வந்து போனார்கள் என்று எண்ணினால் இருபதைத் தாண்டும்.

மூத்தவரும் இளையவரும் எப்போதும் இப்படி மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் பிரிய வேண்டும் என்பதில்லை. 2005-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டாரே அலெக்ஸ் ஸ்மித், நினைவிருக்கிறதா? பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் கன்ஸாஸ் சிட்டியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோது, அவருக்கு வாரிசாக பாட்ரிக் மகோம்ஸ் என்ற பையனை எடுத்தார்கள். ஸ்மித் அந்தப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு வாரம் முழுவதும் எப்படித் தயாராவது என்பதை ஒளிக்காமல் கற்றுக்கொடுத்தார். மறு வருஷம் அவரை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 2020-இல் மகோம்ஸ் கோப்பையை வென்றார். தமக்குச் சொல்லிக்கொடுத்ததற்காக மகோம்ஸ் இன்றைக்கும் ஸ்மித்தைப் புகழ்ந்து பேசுகிறார்.

யோசிக்காமலே இருந்துவிட்டவர்கள் கதை வேண்டுமா? இண்டியானபோலிஸில் பெய்டன் மானிங் பதின்மூன்று பருவம் ஓர் ஆட்டம் தவறாமல் ஆடினார். 2011-இல் கழுத்தில் ஆபரேஷன். பின்னால் யாருமே இல்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருந்த 38 வயதுக்காரரைக் கூப்பிட்டு வந்து நிறுத்தினார்கள். முதல் 13 ஆட்டமும் தோல்வி! அவ்வளவு தோற்றதன் புண்ணியத்தில் ஆண்ட்ரூ லக் என்ற அருமையான பையன் டிராஃப்டில் கிடைத்தார். அவரோ அடிமேல் அடிபட்டு, 2019 ஆகஸ்டில், பருவம் தொடங்க இரண்டு வாரம் இருக்கையில், 29 வயதில் போதும் என்று எழுந்துவிட்டார். 2019 முதல் 2023 வரை ஐந்து பருவத்தின் முதல் ஆட்டத்துக்கும் அந்தக் கோஷ்டிக்கு ஐந்து வேறு வேறு குவார்ட்டர்பேக்குகள்.

கிரீன் பேக்காரர்கள் 22 கோடி டாலர் கொடுத்தாயிற்றே என்று சும்மா உட்காரவில்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில், டென்னஸி கோஷ்டி வேண்டாம் என்று ஒதுக்கிய மாலிக் வில்லிஸ் என்பவரை, டிராஃப்டின் கடைசிச் சுற்று உரிமை ஒன்றைக் கொடுத்து வாங்கிப் போட்டார்கள். செப்டம்பர் 6, முதல் ஆட்டம் பிரேசில் நாட்டில். ஆட்டம் முடிய சில விநாடிகளே இருக்கும்போது லவின் முழங்காலில் அடி. வந்து மூன்று வாரம்கூட ஆகாத வில்லிஸ், பாடத்தை முழுவதும் படிக்காமலே களத்தில் இறங்கினார். முதலில் இண்டியானபோலிஸை வென்றார். அடுத்த வாரம் டென்னஸிக்கே போய், தம்மை ஒதுக்கியவர்களை 30-14 என்று வென்றுவிட்டு, லவ் குணமானதும் மறுபடியும் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.